நூறு என்பது யாருடைய நூறு?

"எங்கள் பள்ளி மாணவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 106, பொதுச் சராசரியோ 100 மட்டுமே" என்று ஒரு விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் படிக்கும் ஒருவர், ஆறு புள்ளி கூடுதல் என்றால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான் என்று நம்பிவிடுவார். இன்னொருவர், புள்ளிவிவரத்தை வைத்து எதைத்தான் நிரூபிக்க முடியாது என்று சொல்லி அந்தத் தாளில் கடலையைப் பொட்டலம் கட்டிவிடுவார். இருவரும் கணக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதில் ஒற்றுமை உண்டு. அந்த 106 உண்மையிலேயே ஏதோ சொல்லலாம், ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். எது என்பது அந்தத் தாளில் இல்லாத சில எண்களைப் பொறுத்தது.

ஒரு குழுவின் சராசரியை எடுத்து, ஏற்கெனவே தெரிந்த ஒரு பொது அளவோடு ஒப்பிடுவது உளவியல் ஆய்வில் மிகப் பழைய வேலை. நுண்ணறிவு, நினைவாற்றல், பதற்றம், மனச்சோர்வு என்று எதை அளந்தாலும் "இந்தக் குழு பொதுவான மக்களிடமிருந்து வேறுபடுகிறதா" என்ற கேள்வி எழும். அதற்கு விடை சொல்ல இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தச் சராசரி தற்செயலாகவே எவ்வளவு ஆடக்கூடியது என்பது முதற்கேள்வி. எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது. பாடநூல்கள் முதற்கேள்வியைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அந்தப் பங்கீட்டில் உடன்பாடில்லை.

கிலோவுக்கு நாலு

சந்தையில் மாம்பழம் விற்பவரிடம் எடை கேட்டால், "கிலோவுக்கு நாலு நிற்கும்" என்பார். ஒவ்வொரு பழமும் சரியாக 250 கிராம் என்று அதற்குப் பொருளில்லை என்பது வாங்குபவருக்கும் தெரியும். ஒன்று 210 கிராம் இருக்கும், இன்னொன்று 290 இருக்கும். மொத்தத்தில் சராசரி 250 என்பதே பேச்சு.

இந்தப் பேச்சுக்குள் நான்கு கலைச்சொற்கள் அடங்கியிருக்கின்றன. தோப்பிலிருந்து வந்து இறங்கிய மொத்தப் பழங்களும் சேர்ந்தது முழுமைத்தொகுதி. நாம் எதைப் பற்றி முடிவு சொல்ல விரும்புகிறோமோ அந்த மொத்தக் கூட்டம் அது. நம் பையில் விழுந்த சில பழங்கள் கூறு. கூறிலுள்ள பழங்களின் மொத்த எடையைப் பழங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது கூறின் சராசரி. தனித்தனிப் பழங்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை ஒரே எண்ணால் சொல்வது திட்டவிலக்கம். எல்லாப் பழமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் திட்டவிலக்கம் பூச்சியம். கலந்து கிடந்தால் அது பெரிதாகும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்கிறோம். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு என்பதால் பருக்கைக்குப் பருக்கை வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. திட்டவிலக்கம் மிகச் சிறியது, ஆகவே ஒன்றே போதும். மனிதர்கள் ஒரே பானையில் வெந்தவர்கள் இல்லை. வெக்ஸ்லர் வகை நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100, திட்டவிலக்கம் 15 என்று வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்கள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். மற்றவர்கள் அதற்கு மேலோ கீழோ இருப்பார்கள். ஒரே ஒருவர் 106 எடுத்தால் அதில் வியப்பே இல்லை, ஏனென்றால் மூவரில் ஒருவர் அந்த அளவையோ அதற்கு மேலோ எடுப்பவர்தான்.

சராசரியும் ஆடும், ஆனால் குறைவாக ஆடும்

பையில் நான்கு பழம் போட்டு நிறுத்தால் சராசரி 270 கிராம் வந்துவிட்டது. வியாபாரி சொன்னது தவறு என்று சண்டைக்குப் போக மாட்டோம். நல்ல பழமாகக் கைக்கு வந்திருக்கிறது என்று மகிழ்வோம். ஆனால் நூறு பழம் உள்ள ஒரு முழுக் கூடையின் சராசரி 270 கிராம் என்றால், இந்தக் கூடை வேறு தோப்புச் சரக்கோ என்று ஐயம் வரும். இரண்டிலும் வித்தியாசம் அதே 20 கிராம்தான். ஆனாலும் முதலாவதைப் பொருட்படுத்தாமல் விடுகிறோம், இரண்டாவதை நின்று பார்க்கிறோம். இந்த உள்ளுணர்வைக் கணக்காக்கினால் கிடைப்பதே இந்தத் துறையின் மையக் கருவி.

பெரிய பழமும் சிறிய பழமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால், பல பழங்களின் சராசரி ஒற்றைப் பழத்தைப் போல அவ்வளவு ஆடாது. பழங்கள் கூடக்கூட ஆட்டம் குறையும். ஆனால் எண்ணிக்கை ஏறும் அதே வேகத்தில் குறையாது, அதன் வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் குறையும். திட்டவிலக்கத்தைக் கூறின் அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதற்குத் திட்டப்பிழை என்று பெயர். பெயரில் பிழை என்று இருந்தாலும் யாரும் தவறு செய்ததாக அதற்குப் பொருளில்லை. ஒரே முழுமைத்தொகுதியிலிருந்து ஒரே அளவுள்ள கூறுகளைத் திரும்பத் திரும்ப எடுத்தால், அவற்றின் சராசரிகள் தங்களுக்குள் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு அது.

விளம்பரத் தாளுக்கு வருவோம். சோதிக்கப்பட்டவர்கள் 25 மாணவர்கள் என்றால், 25-இன் வர்க்கமூலம் 5. 15-ஐ 5-ஆல் வகுத்தால் திட்டப்பிழை 3. பொதுச் சராசரியிலிருந்து 106 விலகியிருக்கும் தூரம் 6, அதாவது இரண்டு திட்டப்பிழை. சோதிக்கப்பட்டவர்கள் நால்வர் மட்டும் என்றால் திட்டப்பிழை 7.5, ஆறு புள்ளி ஒரு திட்டப்பிழைக்கும் குறைவு, ஆகவே பேசுவதற்கே ஒன்றுமில்லை. நூறு பேர் என்றால் திட்டப்பிழை 1.5, ஆறு புள்ளி நான்கு திட்டப்பிழை ஆகிவிடுகிறது. ஆட்டத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்களைச் சோதிக்க வேண்டும் என்பதையும் இந்த எண்களிலேயே காணலாம். ஆய்வாளர்கள் எப்போதும் பணப் பற்றாக்குறையில் புலம்புவதற்கு இந்த வர்க்கமூலமும் ஒரு காரணம்.

தொடக்க நிலையில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு இங்கேதான் நிகழ்கிறது. "திட்டவிலக்கம் 15, வித்தியாசம் 6 மட்டுமே, ஆகவே இது ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். 15 என்பது தனி மனிதர்களின் சிதறல். சராசரியை எடைபோட வேண்டியது சராசரிகளின் சிதறலை வைத்து.

இதை மறந்தால் பெரியவர்களும் சறுக்குவார்கள். அமெரிக்காவில் தேர்ச்சிப் பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் அதிகமாக இருப்பதைப் பார்த்து, பள்ளி சிறிதாக இருப்பதே வெற்றிக்குக் காரணம் என்று முடிவுகட்டி, பெரிய பள்ளிகளைப் பிரித்துச் சிறிய பள்ளிகள் அமைக்கப் பெரும் பணம் கொட்டினார்கள். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் பட்டியலின் அடிப்பகுதியைச் சுட்டிக்காட்டினார். அங்கேயும் சிறிய பள்ளிகளே அளவுக்கு மீறி நிறைந்திருந்தன. மாணவர் குறைவாக இருக்கும் இடத்தில் சராசரி மேலும் கீழும் அதிகமாக ஆடும் என்பதுதான் அதில் பெரும்பகுதி. நம் ஊரில் பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் நூறு விழுக்காடு தேர்ச்சி பெற்ற பள்ளிகளின் பட்டியலைப் பார்க்கும்போது, ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்ற எண்ணையும் சேர்த்துத் தேடுவது நல்ல பழக்கம்.

இதுவரை வந்த தூரம் இவ்வளவுதான்: தனி மனிதர்களின் சிதறல் திட்டவிலக்கம், சராசரியின் ஆட்டம் திட்டப்பிழை, ஒரு சராசரி பொது அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் திட்டப்பிழையை அலகாகக் கொண்டு அளக்க வேண்டும்.

வியப்புக்கு ஓர் எல்லை

இரண்டு திட்டப்பிழை தூரம் என்பது பெரிதா, சிறிதா? இதைத் தீர்க்க ஆய்வாளர்கள் ஒரு வழக்கறிஞரைப் போலப் பேசத் தொடங்குவார்கள். "இந்தப் பள்ளி மாணவர்கள் எந்த வகையிலும் சிறப்பானவர்கள் இல்லை, பொது மக்களிலிருந்து குருட்டாம்போக்கில் 25 பேரைப் பொறுக்கியது போலத்தான் இவர்களும்" என்று முதலில் ஒரு கருத்தை எடுத்துக்கொள்வார்கள். வித்தியாசம் இல்லை என்று சொல்லும் இந்தத் தொடக்கக் கருத்து இன்மைக் கருதுகோள் எனப்படும். அது உண்மையென்றால், இந்த அளவோ இதைவிடப் பெரிய அளவோ விலகல் எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்று கணக்கிடுவார்கள். அந்த விகிதத்துக்குப் பி மதிப்பு என்று பெயர். நம் எடுத்துக்காட்டில் அது நூற்றில் ஏறத்தாழ ஐந்துக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால் இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம் என்ற வழக்கத்தை 1920-களில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரின் எழுத்துகள் பரப்பின. அந்த ஐந்தில் இயற்கையின் கட்டளை எதுவும் இல்லை, வசதிக்காக வரைந்த கோடு அது.

பி மதிப்பு 5 விழுக்காடு என்றால் "இந்த முடிவு தவறாக இருக்க 5 விழுக்காடு வாய்ப்பு" என்று பொருள் சொல்பவர்கள் நிறையப் பேர்; செய்தித்தாள்களில் மட்டுமல்ல, ஆய்வேடுகளிலும் பார்க்கலாம். அது சரியன்று. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இத்தகைய தரவு எவ்வளவு அரிது என்பதை மட்டுமே பி மதிப்பு சொல்கிறது. மழை பெய்தால் தெரு நனைந்திருக்கும் என்பதும், தெரு நனைந்திருப்பதால் மழை பெய்திருக்கும் என்பதும் ஒன்றில்லை. தண்ணீர் லாரி போயிருக்கலாம்.

இதைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு. 106-க்கு இருபுறமும் ஏறத்தாழ இரண்டு திட்டப்பிழை விட்டு, 100 முதல் 112 வரை என்று ஓர் எல்லையைச் சொல்லலாம். இதற்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். பள்ளியின் உண்மையான சராசரி 101 ஆகவும் இருக்கலாம், 111 ஆகவும் இருக்கலாம் என்பது படித்த உடனே புரிந்துவிடும்; அப்படி அச்சிட்டால் விளம்பரத்தின் மிடுக்கு போய்விடும் என்பதும் புரியும்.

இங்கே திட்டவிலக்கம் 15 என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெரும்பாலான அளவுகளில் அது தெரியாது; கையிலுள்ள சிறு கூறிலிருந்தே அதையும் மதிப்பிட வேண்டியிருக்கும், அந்த மதிப்பீடும் ஆடும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். பார்லியையும் பீரையும் சிறு சிறு கூறுகளாகச் சோதிப்பது அவர் அன்றாட வேலை. ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் விரும்பாததால், 1908-ல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். உளவியல் மாணவர்கள் இன்றும் முதலில் கற்கும் டி-சோதனை அந்தக் கட்டுரையின் வழிவந்தது. கூறு சிறிதாக இருக்கும்போது வியப்படைய இன்னும் சற்றுத் தயங்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

வியப்பும் பெருமையும் வேறு வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தாயிரம் பேரைச் சோதித்துச் சராசரி 100.5 என்று வந்தால், திட்டப்பிழை 0.15 மட்டுமே என்பதால் அந்த அரைப் புள்ளி மூன்று திட்டப்பிழைக்கும் மேல். தற்செயல் இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அரைப் புள்ளியால் யாருடைய வாழ்க்கையிலும் எதுவும் மாறப்போவதில்லை.

மிகத் தூய்மையான அடிப்படையும் காப்பாற்றாத ஒரு கதை

ஒப்பிடும் அடிப்படையில் எந்த ஐயமும் எழாத சோதனைகளும் உண்டு. 2011-ல் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டாரில் பெம் வெளியிட்ட ஒன்பது சோதனைகளில் முதலாவது அப்படிப்பட்டது. கணினித் திரையில் இரண்டு திரைச்சீலைகள்; ஒன்றின் பின்னால் படம் இருக்கும், மற்றதில் வெறும் சுவர். எதன் பின்னால் என்று பங்கேற்பவர் தேர்ந்தெடுத்த பிறகே கணினி படத்தின் இடத்தைத் தீர்மானிக்கும். ஆகவே யூகம் சரியாக அமைவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. இதற்கு மக்கள் கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை, காசு சுண்டுவதைப் போன்றது. நூறு பேர் பங்கேற்றார்கள். பாலுணர்வைத் தூண்டும் படங்களில் சரியான யூகத்தின் சராசரி 53.1 விழுக்காடு. திட்டப்பிழையைப் போல இரண்டரை மடங்கு விலகல். பி மதிப்பு நூற்றில் ஒன்று. வருங்காலம் மனித மனத்தில் முன்னமே தட்டுப்படுகிறது என்று பெம் வாதிட்டார். உளவியலின் மதிப்புமிக்க இதழ் ஒன்றில் அது வெளிவந்தது.

கணக்கில் பிழை இல்லை, அடிப்படையிலும் பழுதில்லை. ஆயினும் 2012-ல் ஜெஃப் கலாக்கும் உடன் ஆய்வாளர்களும், பெம்மின் தொகுப்பிலிருந்த வேறு இரண்டு சோதனைகளை ஏழு முறை, மொத்தம் 3,289 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அத்தகைய விளைவு எதுவும் தென்படவில்லை. எத்தனை வகைப் படங்களைப் பார்ப்பது, எந்தப் பிரிவைத் தனியே எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று ஆய்வாளருக்குத் தெரிவுகள் கூடக்கூட, எங்காவது ஓர் இடத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற கோட்டைத் தாண்டிவிடுவது எளிதாகிறது. பி மதிப்பு ஒரே ஒரு முறை, முன்கூட்டியே தீர்மானித்த ஒரே ஒரு ஒப்பீட்டுக்கு உரியது. இருபது முறை சுண்டிவிட்டு நல்லதை மட்டும் காட்டுபவரின் காசைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உளவியல் தன் வழக்கங்களையே மறுபரிசீலனை செய்யத் தொடங்கியதில் பெம்மின் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு.

நூறு எப்படிச் செய்யப்படுகிறது

இப்போது இரண்டாம் கேள்வி. உடலின் வெப்பத்தை அளப்பது போல, மனிதர்களை அளந்து பார்த்தபோது நுண்ணறிவு 100 என்று தற்செயலாக வந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். 100 கண்டுபிடிக்கப்பட்ட எண் இல்லை, வைக்கப்பட்ட எண்.

நுண்ணறிவு ஈவு என்ற சொல்லிலேயே பழைய கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈவு என்பது வகுத்தால் வருவது. தொடக்கத்தில் குழந்தையின் மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினார்கள். எட்டு வயதுக் குழந்தை பத்து வயதுக் குழந்தையின் வேலையைச் செய்தால் 125. வளர்ந்தவர்களுக்கு இது பொருந்தவில்லை, ஏனென்றால் நாற்பது வயதுக்காரருக்கு எண்பது வயது மூளை என்று சொன்னால் அது பாராட்டாகாது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939-ல் வெளியிட்ட சோதனையில் வகுத்தலைக் கைவிட்டு, ஒருவர் தம் வயதொத்த கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று அளந்தார். இன்று வகுத்தலே நடப்பதில்லை. பெயரில் மட்டும் ஈவு.

நடைமுறை இப்படிப் போகும். சோதனை தயாரானதும், நாட்டின் மக்கள்தொகையைப் போன்ற கலவையுள்ள ஒரு குழுவைத் திரட்டி அவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். இந்தக் குழுவுக்கு நியமக் குழு என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவர்கள் எடுத்த மதிப்பெண்களின் சராசரி எதுவாக இருந்தாலும் அதற்கு 100 என்று பெயர் சூட்டப்படும். சிதறல் எதுவாக இருந்தாலும் அது 15 ஆகும்படி அட்டவணை தயாரிக்கப்படும். வளர்ந்தவர்களுக்கான வெக்ஸ்லர் சோதனையின் நான்காம் பதிப்பு 2008-ல் வந்தது. அதன் நியமக் குழு 16 முதல் 90 வயது வரையிலான 2,200 அமெரிக்கர்கள். பதின்மூன்று வயதுப் பிரிவுகளாக, பிரிவுக்கு இருநூறோ நூறோ பேர். ஆகவே அந்த 100-ம் ஒரு கூறின் சராசரிதான். இருநூறு பேர் கொண்ட பிரிவுக்குத் திட்டப்பிழை ஒரு புள்ளிக்குச் சற்று மேல். நம் கணக்கில் 100-ஐப் பாறையாக வைத்து 106-ஐ மட்டும் ஆடவிட்டோம். பாறையும் சற்று ஆடுகிறது.

பூக்காரரின் முழம்

பூக்கடையில் மல்லிகைச் சரத்தை முழக்கணக்கில் அளந்து கொடுப்பார்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு முழம். நெடிய கைக்காரரிடம் மூன்று முழம் வாங்கினால் தலைநிறைய வைக்கலாம்; அவர் மகள் கடையில் நிற்கும் நாளில் அதே மூன்று முழம் சற்றுக் குறையும். பூவும் விலையும் மாறவில்லை, கைதான் மாறியிருக்கிறது. நியமக் குழு என்பது அந்தக் கை.

கை மாறினால் எவ்வளவு மாறும் என்பதை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிளின் 1984-ல் எண்ணிக்காட்டினார். ஒரே ஆட்களுக்குப் பழைய நியமமுள்ள சோதனையையும் புதிய நியமமுள்ள சோதனையையும் கொடுத்த 73 ஆய்வுகளைத் திரட்டினார். பழைய சோதனையில் மதிப்பெண் தொடர்ந்து அதிகமாக வந்தது. காரணம் எளிது: பழைய நியமக் குழு இன்றைய மக்களைவிடக் குறைவாகச் செய்திருந்தது, ஆகவே அவர்களோடு ஒப்பிட்டால் இன்றைய சாதாரண மனிதர் உயரமாகத் தெரிகிறார். 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் செயல்திறன் ஏறத்தாழ 14 புள்ளி ஏறியிருந்தது. பத்தாண்டுக்கு மூன்று புள்ளி. 1987-ல் பதினான்கு நாடுகளின் தரவில் இத்தகைய ஏற்றத்தைக் காட்டினார். பின்னர் நார்வே போன்ற சில நாடுகளில் ஏற்றம் நின்று இறங்கவும் செய்தது என்பதால், மூன்று புள்ளி என்பதை எங்கும் எப்போதும் பொருந்தும் விதியாகக் கொள்ளக் கூடாது.

இனி விளம்பரத் தாளின் 106-ஐ மீண்டும் கையிலெடுப்போம். அந்தப் பள்ளி பயன்படுத்திய சோதனையின் நியமம் இருபது ஆண்டுப் பழையது என்றும், ஃபிளின் கண்ட வேகம் அங்கேயும் பொருந்தும் என்றும் வைத்துக்கொண்டால், பழமையால் மட்டுமே ஏறக்கூடியது ஆறு புள்ளி. இரண்டு திட்டப்பிழை, நூற்றுக்கு ஐந்துக்குக் கீழான பி மதிப்பு, நம்பிக்கை இடைவெளி எல்லாம் சரியாகவே கணக்கிடப்பட்டிருந்தும், பிள்ளைகள் இன்றைய பிள்ளைகளின் சராசரியில் அப்படியே நிற்கிறார்கள். மாணவர் எண்ணிக்கையை ஆயிரமாக்கினாலும் இந்தத் தவறு தீராது. தவறான முடிவு இன்னும் உறுதியான குரலில் வெளிவரும், அவ்வளவுதான்.

மூன்று நான்கு புள்ளியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் அட்கின்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின், குறைபாட்டின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 70-ஐ ஒட்டிய மதிப்பெண்கள் உயிர்ப் பிரச்சினை ஆயின. ஒருவர் எடுத்த 73 பழைய நியமத்தால் வீங்கிய எண்ணா என்று வழக்கறிஞர்கள் அங்கே வாதாடுகிறார்கள்.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் குழந்தைகளின் நுண்ணறிவை மதிப்பிட இன்றும் பல இடங்களில் பயன்படும் பினே-காமத் சோதனை, வி. வி. காமத் 1930-களில் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தியது. இன்று ஒரு தமிழ்க் குழந்தை அதில் எடுக்கும் எண்ணை 100-உடன் ஒப்பிடும்போது, ஒப்பிடப்படுவது அந்தக் கையோடு. இத்தகைய எண்ணை அறிக்கையில் எழுதுபவர் சோதனையின் பெயரையும் பதிப்பையும் கூடவே எழுதுவது சின்ன வேலை. ஆனால் பெற்றோர் கையில் வரும் தாளில் பல நேரம் எண் மட்டுமே இருக்கும்.

சுருங்கச் சொன்னால், பொது அளவுக்கும் ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு கூட்டம் உண்டு. திட்டப்பிழைக் கணக்கு அவற்றைப் பார்ப்பதில்லை.

பையில் விழுந்தவர்கள் யார்

திட்டப்பிழைக் கணக்கு சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. முழுமைத்தொகுதியிலுள்ள ஒவ்வொருவருக்கும் கூறில் இடம்பெறச் சம வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். கூடையின் மேலே அடுக்கிய பழத்தை மட்டும் எடுத்து நிறுத்தால் எத்தனை பழம் எடுத்தாலும் பயனில்லை. மேலே நல்லதை அடுக்குவது எல்லா வியாபாரிக்கும் தெரிந்த கலை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் நடத்திய கருத்துக்கணிப்புக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் பதில் அனுப்பினார்கள். லாண்டன் வெல்வார் என்று அது கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். இதழ் முகவரி எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும், அதாவது வசதியானவர்கள் அதிகமுள்ள பட்டியல்களிலிருந்து. பதில் அனுப்ப முனைந்தவர்களும் ஒரு சாய்வு கொண்டவர்கள்.

உளவியலில் அடுக்கப்படும் பழம் கல்லூரி மாணவர். 2008-ல் ஜெஃப்ரி ஆர்னெட் முன்னணி உளவியல் இதழ்களை ஆராய்ந்தபோது, ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள மேலைத் தொழில்நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று கண்டார். இதன் விளைவைக் காட்ட ஒரு கோடு போதும். முனைகளில் அம்பு உள்நோக்கி மடங்கினால் கோடு சிறிதாகவும் வெளிநோக்கி விரிந்தால் பெரிதாகவும் தெரியும் முல்லர்-லையர் மாயத்தோற்றத்தைப் பாடநூல்கள் மனிதக் கண்ணின் பொது இயல்பாகக் காட்டிவந்தன. 1966-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில் அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகர மாணவர்களுக்கு இரண்டு கோடும் சமமாகத் தெரிய ஒன்றை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீட்ட வேண்டியிருந்தது. கலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்களுக்கு நீட்டவே தேவைப்படவில்லை. எவன்ஸ்டன் சராசரியை மனித சராசரி என்று எடுத்துக்கொண்டிருந்தால், சான் மக்களின் பார்வையில் ஏதோ குறை என்று எழுதியிருப்பார்கள்.

பக்கத்தில் இன்னொரு குழு

இந்தச் சங்கடங்களால்தான், முடிந்த இடத்திலெல்லாம் ஆய்வாளர்கள் அச்சிட்ட நியமத்தை மட்டும் நம்பாமல் ஓர் ஒப்பீட்டுக் குழுவைத் தாங்களே அமைக்கிறார்கள். நம் பள்ளிக்கு அது இப்படி அமையும்: அதே வட்டாரத்தில், அதே வயதில், பெற்றோரின் படிப்பும் வருமானமும் ஏறக்குறைய ஒத்த வேறு பள்ளிகளிலிருந்து மாணவர்களைச் சமவாய்ப்பு முறையில் எடுத்து, அதே வாரத்தில், அதே பதிப்பை, யார் எந்தப் பள்ளி என்று அறியாத ஒருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். நியமம் பழையதென்றால் இரு குழுவுக்கும் ஒரே அளவு வீங்கும். கழிக்கும்போது வீக்கம் அடிபட்டுப் போகும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 100 என்ற நிலையான எண்ணுக்குப் பதிலாக இப்போது இரண்டு சராசரிகளும் ஆடுகின்றன. இரு பக்கமும் 25 பேர் என்றால், வித்தியாசத்தின் திட்டப்பிழை 3-லிருந்து 4.2-க்கு ஏறிவிடும், அதே ஆறு புள்ளி இப்போது ஒன்றரைத் திட்டப்பிழைக்குள் அடங்கிவிடும். பழைய உறுதியைத் திரும்பப் பெற ஒவ்வொரு பக்கமும் ஐம்பது பேர் வேண்டும். விளம்பரத் தாள் அச்சிடும் பள்ளி அந்த நூறு பேரைச் சோதிக்கப் பணம் ஒதுக்குமா என்பது நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி.